கடலடி மீன்வளத்தைக் காக்கும் கணக்கு: 61 நாள் தடை மட்டும் போதுமா?

பெங்களூரு: கடற்கரையில் இருந்து ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரு நகரத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் முதலில் தெரியவருவது சந்தை விலையில்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை நடைமுறையில் உள்ளது. இரு தடைகளும் ஜூன் 1 முதல் 14 வரை ஒன்றன் மேல் ஒன்றாக வருகின்றன. மங்களூரு, மல்பே துறைமுகங்களும் சென்னை, நாகப்பட்டினம், ராமேசுவரம் துறைமுகங்களும் அந்த இரு வாரங்களில் ஒரே நேரத்தில் ஓய்ந்திருக்கும். சிவாஜிநகர் ரஸ்ஸல் சந்தைக்கு வரும் சங்கரா, கணவாய், இறால் ஆகியவற்றின் வரத்து குறைவதற்கு இதுவே காரணம்.

தடைக்காலம் முடிந்ததும் படகுகள் மீண்டும் புறப்படுகின்றன. மீன் வரத்தும் சீராகிறது. ஆனால், ஆண்டின் எஞ்சிய பத்து மாதங்களில் கடலடியில் இருந்து எவ்வளவு மீனை, எந்த அளவு மீனை, எந்த வலையால் எடுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே கர்நாடகம் முதல் தமிழகம் வரையிலான லட்சக்கணக்கான மீனவர்களின் வாழ்வாதாரம் அமையும்.

கடலடி மீன்கள் எவை?

மத்தி, அயிலை போன்றவை கடலின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரிபவை. இவற்றுக்கு மாறாகக் கடலின் தரையிலோ தரையை ஒட்டியோ வாழ்பவை கடலடி உயிரினங்கள். சங்கரா, நவரை, நாக்கு மீன், திருக்கை, தண்ணிப்பன்னா, காரல், இறால், நண்டு, சிங்கி இறால், ஓட்டுக் கணவாய் ஆகியவை இவ்வகையில் சேரும். ஏற்றுமதியில் அதிக வருவாய் தருபவை பெரும்பாலும் இவையே. இளஞ்சிவப்பு நிறச் சங்கரா மீன் கேரளத்தில் கிளிமீன் என்றும், மங்களூரு பகுதியில் மத்மல் என்றும் அழைக்கப்படுகிறது. உணவு மேசைக்கு வருவதோடு, 'சுரிமி' எனப்படும் மீன் விழுது தயாரிக்கும் ஆலைகளுக்கும் இதுவே முதன்மையான மூலப்பொருளாகும்.

இழுவைமடியும் அதன் விளைவும்

இம்மீன்களைப் பிடிக்கப் பயன்படும் முதன்மையான கருவி இழுவைமடி. புனல் வடிவிலான இந்த வலையின் வாயை இருபுறமும் உள்ள பலகைகள் விரித்துப் பிடிக்கின்றன. அடிக்கயிற்றில் உள்ள எடை வலையைத் தரையோடு அழுத்துகிறது. படகு முன்னேறும்போது வலை கடலடியை உரசிக்கொண்டே செல்கிறது. வழியில் உள்ள அனைத்தும் வலையின் கடைசிப் பகுதியான மடிக்குள் சேர்கின்றன. இந்தியாவில் இந்த முறை பரவ, 1950களில் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்தோ-நார்வே திட்டம் முக்கியக் காரணமாக அமைந்தது.

இழுவைமடியால் ஏற்படும் சிக்கல்கள் இரண்டு. முதலாவது, கடலடித் தரையில் ஒட்டி வாழும் பாசிகள், கடற்பஞ்சுகள், சிற்றுயிர்கள் சிதைவது. இவையே மீன் குஞ்சுகளுக்கு உணவாகவும் மறைவிடமாகவும் இருப்பவை. இரண்டாவது, வலைக்கு இனப் பாகுபாடு கிடையாது. இறாலுக்காக விரித்த வலையில் சங்கராக் குஞ்சும் சிறு நண்டும் சேர்ந்தே வருகின்றன.

முன்பு இத்தகைய குஞ்சு மீன்கள் கடலிலேயே வீசப்பட்டன. மீன் தூள், மீன் எண்ணெய் ஆலைகள் பெருகிய பிறகு அவற்றுக்கும் விலை கிடைக்கிறது. டீசல் செலவும் பல நாள் கடற்பயணமும் கூடிவிட்ட நிலையில், அந்தச் சிறு வருவாயையும் இழக்கப் படகு உரிமையாளர்கள் விரும்புவதில்லை. சில மாதங்கள் வளர விட்டிருந்தால் பன்மடங்கு விலை கிடைத்திருக்கும் மீன், இவ்வாறு மிகக் குறைந்த விலைக்குத் தூளாகிறது.

வட்டியும் முதலும்

மீன்வள மேலாண்மையின் அடிப்படைக் கணக்கு எளியது. கடலில் உள்ள மீன் தொகுதியை முதல் என்று கொண்டால், ஆண்டுதோறும் பிறந்து வளர்ந்து அதில் சேரும் மீன்கள் வட்டி. வட்டியை மட்டும் எடுக்கும் வரை முதல் குறையாது. குஞ்சு மீன்களை அள்ளுவது வட்டி வருவதற்கு முன்பே முதலைக் கரைப்பதற்கு ஒப்பானது. முட்டையிடும் தாய் மீன்களை மிகுதியாகப் பிடிப்பது அடுத்த தலைமுறையையே இல்லாமல் செய்வதாகும்.

இக்கணக்கு தவறினால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. பல நூற்றாண்டுகளாகப் பிடிக்கப்பட்டு வந்த காட் என்னும் கடலடி மீன் அங்கு அருகிப்போனதால், 1992 ஜூலையில் வணிக மீன்பிடிப்பை கனடா அரசு நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவிக்கப்பட்ட தடை, 2024ஆம் ஆண்டில்தான் விலக்கப்பட்டது.

மேலைநாடுகள் பலவற்றில் ஒவ்வோர் இனத்துக்கும் ஆண்டுக்கு இத்தனை டன் என்று உச்சவரம்பு விதிக்கப்படுகிறது. இந்தியாவில் அம்முறையை அப்படியே பின்பற்றுவது கடினம். இங்கு ஒரே இழுவையில் பல்வேறு இனங்கள் கலந்து வருகின்றன. மீன் இறங்கும் துறைகளும் நூற்றுக்கணக்கில் உள்ளன. எனவே, பிடிக்கும் காலம், வலையின் அமைப்பு, மீனின் அளவு ஆகிய மூன்றையும் கட்டுப்படுத்தும் முறையே இங்கு பின்பற்றப்படுகிறது.

முதல் கருவி: காலம்

மழைக்காலத் தடை பல இனங்கள் முட்டையிடும் பருவத்தை ஒட்டி அமைந்துள்ளது. முன்பு 47 நாட்களாக இருந்த இத்தடை, 2015 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கர்நாடகத்தில் 1986ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இது நடைமுறைப்படுத்தப்படுகிறது. நாட்டுப்படகுகளுக்கும் 10 குதிரைத்திறன் வரையிலான இயந்திரம் பொருத்திய சிறு படகுகளுக்கும் அங்கு விலக்கு உண்டு.

தடையால் கடலுக்கு ஓய்வு கிடைப்பதில் ஐயமில்லை. எனினும், எல்லா இனங்களும் இந்த இரு மாதங்களில் மட்டுமே முட்டையிடுவதில்லை. சங்கராவும் இறால்களும் மழைக்காலத்துக்குப் பின்னரும் இனப்பெருக்கம் செய்கின்றன. மேலும், தடைக்காலத்தில் பிறந்த குஞ்சுகள், தடை நீங்கிய சில வாரங்களில் வலைகளின் முன் முதலில் சிக்குபவையாகவும் இருக்கின்றன. காலத் தடையுடன் வேறு கட்டுப்பாடுகளும் தேவைப்படுவது இதனால்தான்.

இரண்டாம் கருவி: வலையின் கண்

மடிப் பகுதியின் கண்ணி 35 மி.மீ. அல்லது 40 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று மாநில விதிகள் கூறுகின்றன. கண்ணியின் வடிவமும் அளவைப் போலவே முக்கியமானது. வழக்கமான சாய்சதுரக் கண்ணிகள், வலை இழுபடும்போது நீண்டு மூடிக்கொள்கின்றன. இதனால் குஞ்சு மீன்கள் தப்பிக்க வழியில்லை. சதுரக் கண்ணிகள் இழுவையின்போதும் திறந்தே இருப்பதால் சிறு மீன்கள் வெளியேற முடிகிறது.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், குஞ்சு மீன்களை வெளியேற்றி இறாலைத் தனியே பிரிக்கும் கருவியையும், கடலாமைகள் தப்பிச் செல்ல உதவும் கருவியையும் வடிவமைத்துள்ளது. ஆமை விலக்குக் கருவி பயன்படுத்தப்படாததைக் காரணம் காட்டி, இந்தியாவில் கடலில் பிடிக்கப்படும் இறாலின் இறக்குமதியை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது. வலையின் அமைப்பு ஏற்றுமதிச் சந்தையையே தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆனால், கருவியின் வழியே இறாலும் தப்பிவிடுமோ என்ற மீனவர்களின் அச்சம் இன்னும் முழுமையாக நீங்கவில்லை.

இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி முறைக்கும், செயற்கை விளக்கொளியில் மீன்களை ஈர்த்துப் பிடிப்பதற்கும் நாட்டின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மத்திய அரசு 2017 நவம்பரில் தடை விதித்தது.

மூன்றாம் கருவி: மீனின் அளவு

பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் கேரளம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையின் அடிப்படையில் 2015இல் 14 இனங்களுக்கு இந்த அளவு அறிவிக்கப்பட்டது. பின்னர் 58 இனங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. கடலடி இனமான கிளிமீனின் முக்கிய வகைக்கு 12 செ.மீ. என்று வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு மீன் குறைந்தது ஒரு முறையாவது முட்டையிட வாய்ப்புப் பெற வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இதற்கு முன்பே, 2003இல் சிங்கி இறால் வகைகளின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு குறைந்தபட்ச எடையை நிர்ணயித்தது. வகைக்கு ஏற்ப 150 கிராம் முதல் 500 கிராம் வரை வரம்பு உள்ளது. உயிருடன் கரை சேரும் சிங்கி இறாலைக் கடலில் திருப்பி விடலாம். ஆனால், இழுவைமடியில் நசுங்கி இறந்த சங்கராக் குஞ்சைத் திருப்பி விடுவதில் பயனில்லை. எனவே, அளவு விதி பலன் தர வேண்டுமானால் கண்ணி விதியும் உடன் செயல்பட வேண்டும்.

மாநில எல்லை மற்றொரு சிக்கல். கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான மீன்பிடிப்பு மாநிலங்களின் பொறுப்பு. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசின் அதிகாரம். மீன்களுக்கும் படகுகளுக்கும் இந்த எல்லைகள் இல்லை. ஒரு மாநிலத்தில் பறிமுதலுக்கு உள்ளாகும் குஞ்சு மீன், அண்டை மாநிலத் துறைமுகத்தில் விலை போகுமானால் விதியை மதிக்கும் மீனவரே இழப்புக்கு ஆளாவார்.

ஓட்டுக் கணவாய் சொல்லும் பாடம்

கர்நாடகக் கடலில் இழுவைமடியை மட்டும் குறை கூறிவிட முடியாது என்பதற்கு ஓட்டுக் கணவாய் எடுத்துக்காட்டு. இந்த உயிரினம் கடலடியில் உள்ள பொருட்களின் மீது திராட்சைக் கொத்து போல முட்டைகளை ஒட்டிவைக்கும். இதை அறிந்த தூண்டில் மீனவர்கள், தென்னம்பாளைகளை மணல் மூட்டையுடன் கட்டிக் கடலில் இறக்கி, முட்டையிட வரும் கணவாய்களைப் பிடிக்கத் தொடங்கினர். இவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு.

தூண்டில், தரையைச் சிதைக்காத கருவி. ஆயினும், அதில் சிக்குபவை முட்டையிட வந்த தாய்க் கணவாய்கள். குறுகிய ஆயுள் கொண்ட இந்த இனத்தில், ஓர் ஆண்டு முட்டை குறைந்தால் அடுத்த ஆண்டுப் பிடிப்பிலேயே அதன் விளைவு தெரியும். பாளைக் கட்டுகள் இழுவலைகளில் சிக்குவதாகக் கூறி, மல்பே பகுதி விசைப்படகு மீனவர்களுக்கும் தூண்டில் மீனவர்களுக்கும் இடையே மோதல்களும் எழுந்தன. எந்தக் கருவி என்பதோடு, எந்தப் பருவத்தில் எந்த நிலையில் உள்ள உயிரினம் பிடிக்கப்படுகிறது என்பதும் முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

பாக் நீரிணையின் நெருக்கடி

தமிழகத்துக்கு இது எல்லைப் பிரச்னையாகவும் உருவெடுத்துள்ளது. ஆழமற்ற பாக் நீரிணையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒரே இறாலுக்காகப் போட்டியிடுகின்றன. வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுகளுக்கும், எஞ்சிய நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் என்ற ஏற்பாடு இதனால் உருவானது. இலங்கை 2017இல் இழுவைமடி மீன்பிடிப்பைச் சட்டத்தின் மூலம் முற்றிலும் தடை செய்தது. போருக்குப் பின் மீண்டும் கடலுக்குத் திரும்பிய வடமாகாணத் தமிழ் மீனவர்கள், இழுவைமடிகளால் தங்கள் வலைகளும் கடலடியும் சேதமாவதாகத் தொடர்ந்து முறையிடுகின்றனர். மறுபுறம், தமிழக மீனவர்களின் கைதும் படகுப் பறிமுதலும் தொடர்கின்றன.

இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. ரூ.80 லட்சம் மதிப்பிலான படகுக்கு 50 சதவீதத்தை மத்திய அரசும், 20 சதவீதத்தை மாநில அரசும் மானியமாக ஏற்றன. ஆயினும், பயனாளி செலுத்த வேண்டிய பங்கும் வங்கிக் கடனும், புதிய தொழில்முறையைக் கற்க வேண்டிய தேவையும் சேர்ந்து மாற்றத்தை மெதுவாக்கின.

மீண்டெழுந்த அஷ்டமுடி

கட்டுப்பாடு வருவாயைக் குறைக்கும் என்பது பொதுவான கருத்து. கேரளத்தின் கொல்லம் அருகே உள்ள அஷ்டமுடிக் காயலின் மட்டி மீன்பிடிப்பு அதற்கு மாறான அனுபவத்தைத் தருகிறது. அங்கு 1980களின் தொடக்கத்தில் ஏற்றுமதித் தேவையால் தொடங்கிய மட்டி சேகரிப்பு, 1991இல் ஏறத்தாழ 10,000 டன்னை எட்டியது. அளவு மீறி அள்ளியதால் 1993க்குள் அது பாதியாகச் சரிந்தது. முட்டையிடும் பருவமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தடை, கண்ணி அளவுக் கட்டுப்பாடு, ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச அளவு ஆகியவை அதன் பின்னர் நடைமுறைக்கு வந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் பிடிப்பு மீண்டும் பழைய நிலையை எட்டியது. 2014 நவம்பரில் கடல்சார் மேற்பார்வை மன்றத்தின் நிலைத்த மீன்பிடிப்புச் சான்றிதழை இந்தியாவில் முதலாவதாகப் பெற்றதும் இந்த மட்டி மீன்பிடிப்புதான்.

அங்கு ஒரே இனம், ஒரே நீர்நிலை, ஒருவரையொருவர் அறிந்த மீனவர்கள் என்ற சாதகம் இருந்தது. பல இனங்களும் பல மாநிலப் படகுகளும் கலந்துள்ள அரபிக்கடலில் அதே பணி கடினமானது. எனினும், ஆய்வாளர்களின் கணக்கை மீனவர்களே ஏற்றுக்கொண்டு செயல்படுத்தினால் கடலடி வளம் மீளும் என்பதை அஷ்டமுடி காட்டியுள்ளது.

பெங்களூரு நுகர்வோருக்கும் இதில் பங்கு உண்டு. உள்ளங்கை நீளத்தைவிடச் சிறிய சங்கராவையும், வயிற்றின் அடியில் முட்டைத் திரள் சுமக்கும் பெண் நண்டையும் வாங்குவோர் இல்லையெனில், அவற்றைக் கரை சேர்ப்பதில் லாபம் இல்லாமல் போகும். ஆகஸ்ட் முதல் நாள் மங்களூருவிலும் மல்பேயிலும் படகுகள் மீண்டும் புறப்படும்போது, மடியின் கண்ணி அளவையும் சந்தைக்கு வரும் மீனின் அளவையும் பொறுத்தே இரு மாத ஓய்வின் பலன் கடலில் நிலைக்கும்.