டி.வி. அம்மாவும் நம் வீட்டு அம்மாவும்

சாணக்யபுரியின் சாந்திபத் சாலையில் இருபுறமும் வெளிநாட்டுத் தூதரகங்கள். உள்தெருக்களில் பெரிய பெரிய பங்களாக்கள். அவற்றின் கொல்லைப்புறத்தில் வேலையாட்களுக்கென்று கட்டிய சிறு அறைகள். அத்தகைய ஓர் அறையில் சேலம் பக்கத்துக் குடும்பம் ஒன்று வசிக்கிறது. கணவர் கார் ஓட்டுகிறார். மனைவிக்குப் பங்களாவில் சமையல் வேலை. இரவு அங்கே பாத்திரங்களை ஒழித்துவிட்டு அவர் தம் அறைக்குத் திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். பிறகு கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தமிழ்த் தொடர் பார்ப்பார்.

"தினமும் அழுகைதானே அம்மா, அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அந்தப் பொம்பளை அழுதா பின்னாடி வீணை வாசிக்கிறாங்க, ஊரே உட்கார்ந்து பாக்குது. நான் அழுதா யாரு சார் பாக்கிறாங்க?"

வேடிக்கையாகச் சொன்ன பேச்சுதான். ஆனால் டி.வி.யில் வரும் மனைவியையும் தாயையும் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

பகவந்தியின் பொறுமை

டில்லிவாசிகளான நமக்கு டெலிவிஷன் பழைய சிநேகிதம். இந்தியாவில் முதன்முதலாக 1959 செப்டம்பர் 15-ல் டில்லியில்தான் ஒளிபரப்பு தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 1975-ல். ஊரில் உள்ள உறவினர்கள் டி.வி. பெட்டியைக் கண்ணால் காணும் முன்பே, இங்குள்ள சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில், ஒரு வீட்டுப் பெட்டியின் முன் பத்து வீட்டார் கூடி உட்கார்ந்ததுண்டு.

அப்படிக் கூட்டம் கூட்டிய தொடர் 'ஹம் லோக்'. 1984 ஜூலை 7-ல் தொடங்கி 1985 டிசம்பர் 17 வரை, 156 பகுதிகளாக தூர்தர்ஷனில் வந்தது. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி நாலு வார்த்தை பேசுவார். இந்தி சரியாகத் தெரியாத நம்மவர்கள்கூட அதை ஆவலுடன் பார்த்தார்கள். கதை நம் வீட்டுக் கதை போலவே இருந்ததுதான் காரணம்.

இந்தத் தொடர் வெறும் பொழுதுபோக்குக்காகப் பிறந்ததல்ல. மெக்ஸிகோ நாட்டில் மிகுவேல் சபிடோ என்பவர் தயாரித்த தொடர்கள் மக்களிடையே குடும்பக் கட்டுப்பாடு பற்றிய எண்ணத்தைப் பரப்பின என்று அறிந்து, அதே வழியில் இங்கும் செய்து பார்த்தார்கள். சிறு குடும்பம், பெண்களின் உயர்வு ஆகியவையே நோக்கம். முதல் சில வாரங்களில் உபதேசம் அதிகமாகிவிட்டது என்று நேயர்கள் முகம் சுளிக்கவே, உபதேசத்தைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள்.

கதையில் வரும் தாய் பகவந்தி. கணவன் பசேசர் ராம் குடிகாரன். அவனுடைய ஏச்சையும் மாமியாரின் பேச்சையும் கேட்டுக்கொண்டு, வாய் திறவாமல் குடும்பத்தைச் சுமப்பவள் அவள். 'இப்படி ஒரு பெண் அவதிப்படலாமா?' என்று பார்ப்பவர் கேட்கவேண்டும் என்பதற்காகப் படைக்கப்பட்ட பாத்திரம் அது.

ஆனால் நடந்தது என்ன? அர்விந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தொடரின் விளைவுகளைப் பின்னர் விரிவாக ஆராய்ந்தார்கள். தொடருக்கு வந்த நேயர் கடிதங்கள் சுமார் நான்கு லட்சம். பகவந்தியைப் பார்த்துப் 'பெண் இப்படி இருக்கக்கூடாது' என்று எண்ணாமல், 'மனைவி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!' என்று மெச்சியவர்கள் நிறையப் பேர் இருந்தது தெரியவந்தது. அவர்களில் பெண்களும் அடக்கம்.

எழுதியவர் எச்சரிக்கையாக வைத்தது, பார்த்தவருக்கு இலட்சணமாகிவிட்டது. எதற்குக் கண்ணீரும் கௌரவமும் கொடுக்கிறோமோ, அதையே ஜனங்கள் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் வந்து சொல்லும் புத்திமதி காதில் ஏறுவதில்லை.

வாய் திறந்தவர்கள்

வேறு மாதிரிப் பெண்களையும் அக்காலத்து தூர்தர்ஷன் காட்டாமல் இல்லை. 1985-ல் வந்த 'ரஜனி'யில், பாசு சாட்டர்ஜியின் இயக்கத்தில் பிரியா டெண்டுல்கர் ஒரு குடும்பத் தலைவியாக நடித்தார். கேஸ் சிலிண்டர் முதல் பள்ளிக்கூடம் வரை எங்கே அநியாயம் கண்டாலும் நேரில் போய்க் கேட்கும் பெண் ரஜனி. 1989-ல் தொடங்கிய 'உடான்' தொடரைக் கவிதா சௌத்ரி தாமே எழுதி இயக்கி நடித்தார். அவருடைய அக்காள் காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா போலீஸ் அதிகாரியானதே அதன் கதைக்கு மூலம். அந்த அக்காள் 2004-ல் உத்தராகண்ட் மாநிலத்தின் போலீஸ் தலைவராகவே உயர்ந்தார். ஒரு மாநிலத்துக்கு அந்தப் பதவியில் வந்த முதல் பெண்மணி அவர்தான்.

பிறகு தனியார் சேனல்கள் வந்தன. தினசரித் தொடர் பிறந்தது. இந்தியில் 'க்யோங்கி ஸாஸ் பீ கபீ பஹூ தீ' 2000 ஜூலை முதல் 2008 நவம்பர் வரை எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2025 ஜூலையில் அதே பெயரில் அதே துளசி மறுபடியும் வந்தாள். தமிழில் ராதிகாவின் 'சித்தி' 1999-ல் தொடங்கியது. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையான 'மெட்டி ஒலி' 2002-ல் வந்தது. அந்தத் தகப்பனாக நடித்தவர், பெயரிலேயே நம் ஊரைச் சுமக்கும் டெல்லி குமார். 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' தொடரில் தேவயானியின் அபி கட்டுமானத் தொழில் நடத்தும் பெண்ணாக வந்தாள்.

சினிமாவில் கதாநாயகனுக்குப் பின்னால் நின்ற பெண்ணைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய பெருமை இந்தத் தொடர்களுக்கு உண்டு. அதை மறுப்பது நியாயமாகாது.

ஏன் அவள் பேசுவதில்லை?

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. எட்டு ஆண்டு கழிந்தாலும் டி.வி. மருமகள் ஏன் சகித்துக்கொண்டே இருக்கிறாள்?

இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. தினசரித் தொடர் விளம்பரத்தால் பிழைக்கிறது. நேயர்கள் எண்ணிக்கை குறையாதவரை கதை முடியக்கூடாது. கதாநாயகி ஒரு நாள் எழுந்து நின்று, "இது என் உழைப்பு, இது என் பணம், இதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று கணவனைக் கேட்டுவிட்டால் வழக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும். தீராமல் இருக்க அவள் மௌனமாக இருந்தாகவேண்டும். அந்த மௌனத்துக்குப் பொறுமை என்றும், தியாகம் என்றும் பெயர் சூட்டுகிறார்கள். அவள் எதிர்த்துப் பேசாததால் கதை நீள்கிறது. கதை நீள்வதால் அவள் உத்தமி ஆகிறாள்.

பேசுகிற பெண்ணும் தொடரில் உண்டு. அவள் பெரும்பாலும் வில்லியாக இருப்பாள். இங்கிலீஷ் பேசுவாள், சொத்துக்கு ஆசைப்படுவாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டி.வி. வீட்டில் சமையலறை உண்டு, சதி ஆலோசனை அங்கேதான் நடக்கும். ஆனால் யாரும் அங்கே பாத்திரம் தேய்ப்பதில்லை. பட்டுப்புடவை கசங்குவதில்லை. தியாகம் தெரிகிறது, வேலை தெரிவதில்லை.

நிஜ வீட்டில் வேலைதான் முக்கால்வாசி. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கை கொடுக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ஆர்.கே. புரத்திலிருந்து பஸ் பிடித்துச் செயலகத்துக்கு வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்கள், போகும் முன்பும் வந்த பின்பும் இந்தக் கணக்கைத் தீர்க்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் தொடரிலும் வீணை வாசிப்பதில்லை.

கோர்ட் போட்ட கணக்கு

டி.வி. போடாத கணக்கை ஒரு கோர்ட் போட்டது. கணவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்று வழக்கு வந்தது. 'பணம் என்னுடையது' என்பது கணவரின் வாதம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். கணவனுக்கு எட்டு மணி நேர வேலை, மனைவிக்கு விடுமுறையில்லாத 24 மணி நேர வேலை, அவள் வீட்டைத் தாங்கியதால்தான் அவன் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அப்படி வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வாசகர்களில் பலர், குடும்பத்தை ஊரில் விட்டு இங்கே தனியே இருந்து மாதா மாதம் பணம் அனுப்புகிறவர்கள். அவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்க்கவேண்டும். அனுப்பிய பணம் மட்டும் வீடு ஆகிவிடவில்லை.

தொடரை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. நாள் முழுதும் நின்ற கால்களுக்கு அந்த அரை மணி நேரம் ஓர் இளைப்பாறல். சாணக்யபுரிச் சகோதரியிடமிருந்து அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும்.

இன்றிரவு தொடர் முடிந்ததும் பெட்டியை நிறுத்துங்கள். "இன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தாய்?" என்று மனைவியைக் கேளுங்கள். ஊரில் இருந்தால் போனில் கேளுங்கள். அதன் பிறகு மிச்சமிருக்கும் பாத்திரங்கள் யார் கையில் இருக்கவேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.