வரைபடத்தில் ஏறிய கிபேரா

கென்யத் தலைநகர் நைரோபியில் இருக்கிறது கிபேரா. லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழும் குடிசைப் பகுதி. ஆனால் 2009 வரை இணைய வரைபடங்களில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. அந்த ஆண்டு, அங்கேயே வாழும் 13 இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் இடம், கழிப்பறை, மருந்தகம், பள்ளிக்கூடம் என ஒவ்வொன்றையும் குறித்து, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். ‘மேப் கிபேரா’ என்பது அந்த முயற்சியின் பெயர்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் அருமை! வரைபடத்தை அச்சிட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, ஊர்ப் பெண்களை உட்காரவைத்துப் பேசினார்கள். எந்த வழி பயமாக இருக்கிறது, எது பாதுகாப்பு என்று பெண்களே வண்ணப் பென்சிலால் குறித்தார்கள்.

வரைபடத்தின்மேல் விரித்த அந்தத் தாளைப் போலவே, ஜி.ஐ.எஸ். எனும் புவியியல் தகவல் முறைமையும் ஒரே இடத்தைப் பற்றிய விவரங்களை அடுக்கடுக்காக வைத்துப் பார்க்க உதவுகிறது. பாதை ஓர் அடுக்கு, கழிப்பறை ஓர் அடுக்கு. ஒரு பெண்ணின் அச்சமும் அங்கே ஓர் அடுக்குதான். எந்தச் சந்தில் முதலில் விளக்குக் கம்பம் நட வேண்டும் என்பதை, எண்ணிக்கைப் புள்ளிவிவரத்தைவிட அந்த அடுக்கே தெளிவாகச் சொல்லும்.