விருது ஆரூடம்: பிராது நம்பர் டிக்ரி ஆகுமா?

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பழமொழி. இப்பொழுதெல்லாம் தை பிறந்தால் ஆரூடமும் பிறக்கிறது. எந்தப் படத்துக்கு ஆஸ்கார் கிடைக்கும், எந்த நடிகர் இறுதி ஜாபிதாவில் இடம் பெறுவார், எந்தத் தமிழ்ப்படம் அமெரிக்கா வரை போய்விட்டது என்று டீக்கடை முதல் கச்சேரி வாசல் வரை ஒரே பேச்சு. ஜனங்கள் கலையைப் பற்றிப் பேசுவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை, சந்தோஷமே. ஆனால் இந்தப் பேச்சில் பாதி, விஷயம் இன்னதென்று அறியாமல் பேசப்படுவது. அவ்விதம் பேச வைப்பவை பத்திரிகைகளின் கொட்டை எழுத்துத் தலைப்புகள். ஆகவே, பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்களே இதை எடுத்துரைப்பது கடமையாகிறது.

விருதுநகருக்கு அப்பெயர் வந்ததைப் பற்றி ஓர் ஐதிகம் உண்டு. பல ஊர்களை வென்று, வென்ற விருதுக் கொடிகளைத் தாங்கி வந்த ஒரு வீரன், தன்னை எதிர்ப்பார் உண்டோ என்று இவ்வூரில் அறைகூவினானாம். ஊரார் ஒருவர் துணிந்து நின்று அவனை வீழ்த்தி, விருதுகளையும் கைப்பற்றினாராம். விருதுகள்வெட்டி என்ற பெயர் விருதுபட்டியாகி, 1923-இல் விருதுநகர் ஆயிற்று. சரித்திரத்துக்கு இக்கதை எவ்வளவு பொருந்துமோ, நீதி நன்றாகப் பொருந்துகிறது. ஒருவன் விருது என்று கொடி பிடித்து வந்தால், அதன் உண்மை மதிப்பு என்ன என்று சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

ஆரூடம் முழுவதும் பொய் என்று நாம் சொல்லவில்லை. துவரை, மிளகாய் வற்றல், கடலை எண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர் நிலவரத்தைத் தமிழ்நாடு முழுவதும் பத்திரிகைகளில் பார்க்கிறார்கள். அடுத்த மாத விலையை இங்குள்ள வியாபாரி ஊகித்துச் சொல்வது கிளி ஜோஸ்யம் அன்று. சரக்கு எவ்வளவு இருக்கிறது, வாங்குபவன் யார், அவன் கையில் பணம் உண்டா என்ற மூன்றையும் அறிந்து சொல்வது அது. திரைப்பட விருதுகளுக்கும் இதுவே விதி. படத்தின் தரத்தை மட்டும் அறிந்தவன் ஊகம் சொல்ல முடியாது. வோட்டுப் போடுகிறவன் யார் என்று அறிந்தவனே சொல்ல முடியும்.

அமெரிக்காவில் இக்கலையில் தேர்ந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆஸ்கார் வழங்கும் அகாடமியில் வோட்டுரிமை உள்ளவர்கள் சுமார் 10,000 பேர். பெரும்பாலான பிரிவுகளில் அந்தந்தத் தொழிலாரே அபேட்சகர்களை நியமிக்கிறார்கள்: நடிகரை நடிகர்களும், டைரக்டரை டைரக்டர்களும் தேர்கிறார்கள். சிறந்த படத்துக்கான நியமனத்திலோ எல்லாரும் வோட்டுப் போடலாம். ஆஸ்காருக்கு முன்னதாகவே டைரக்டர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம், நடிகர் சங்கம் ஆகியவை தத்தம் பரிசுகளை அளித்துவிடுகின்றன. அந்தச் சங்கத்தார் பலர் அகாடமியிலும் அங்கத்தினர்கள். விமரிசகர்களின் பரிசுகளைவிடச் சங்கங்களின் பரிசு ஆரூடத்துக்கு நல்ல ஆதாரமாவதற்கு இதுவே காரணம். விமரிசகர்களுக்கு அங்கே வோட்டு இல்லை, சங்கத்தாருக்கு உண்டு.

அப்படியிருந்தும் கணக்குத் தவறுவது உண்டு. 2020-இல் டைரக்டர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் ‘1917’ என்ற ஆங்கிலப் படத்துக்கே பரிசளித்தன. ஆஸ்காரில் சிறந்த படமானது ‘பாரசைட்’ என்ற கொரிய மொழிப் படம். ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிப் படம் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. எல்லாத் தகவலும் வெளிப்படையாயுள்ள இடத்திலேயே இந்தக் கதி என்றால், ஒன்றும் தெரியாத இடத்தில் சொல்லும் ஆரூடத்துக்கு மதிப்பு ஏது?

நிற்க. நம் நாட்டில் நடப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு வருஷமும் அகாடமி, போட்டிக்குத் தகுதி பெற்ற படங்களின் நீண்ட ஜாபிதா ஒன்றை வெளியிடுகிறது. குறிப்பிட்ட சில அமெரிக்க நகரங்களில் ஒன்றில் ஒரு வாரம் ஓடி, உரிய படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அந்த ஜாபிதாவில் பெயர் ஏறும். கொள்ளைநோய்க் காலத்தில் இணைய வெளியீடுகளுக்கும் சலுகை தந்தார்கள். 2021-இல் வெளியான ஜாபிதாவில் 366 படங்கள். அவற்றுள் ‘சூரரைப் போற்று’ ஒன்று. 2022-இல் 276 படங்கள். அவற்றுள் ‘ஜெய் பீம்’ ஒன்று. 2025-இல் 323 படங்கள். அவற்றுள் ‘கங்குவா’ ஒன்று. மூன்று தடவையும் ‘ஆஸ்கார் போட்டியில் தமிழ்ப்படம்’ என்ற முழக்கம் எழுந்தது. மூன்று தடவையும் இறுதி நியமனத்தில் அப்பெயர்கள் இல்லை.

நியாயஸ்தலத்தின் பழக்கம் அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பிராது தாக்கலாயிற்று, குமாஸ்தா அதற்கு ஒரு நம்பர் போட்டார். அந்த நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘எனக்கு டிக்ரி ஆகிவிட்டது’ என்று ஒருவன் ஊரில் வெடி கொளுத்தினால் அவனை என்னவென்பது? தகுதி ஜாபிதா பிராது நம்பர். சில பிரிவுகளில் வெளிவரும் சுருக்க ஜாபிதா, வழக்கு விசாரணைக்கு எடுக்கப்பட்டதற்கு ஒப்பு. நியமனம் இறுதி வாதம். பரிசுதான் டிக்ரி. நான்கையும் ஒன்றென எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

இந்தியாவின் சார்பில் சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரே ஒரு படந்தான் செல்லலாம். அதைத் தேர்ந்தெடுப்பது இந்தியப் பிலிம் சம்மேளனம் நியமிக்கும் ஒரு சிறு குழு. இதுவரை இவ்வழியில் சென்று இறுதி நியமனம் பெற்றவை ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ என்ற மூன்றே. ‘தெய்வமகன்’ தொடங்கித் தமிழிலிருந்து சென்றவை பல. நியமனம் பெற்றது ஒன்றுமில்லை. மதுரைச் சீமையின் வறண்ட கிராமத்தில் எடுக்கப்பட்ட ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவில் முதற் பரிசு பெற்று, அவ்வருஷமே இந்தியாவின் சார்பிலும் சென்றது. அதுவும் சுருக்க ஜாபிதாவை எட்டவில்லை.

குழுவின் மனப்போக்கை ஊகித்தவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள். 2022-இல் ‘ஆர்.ஆர்.ஆர்.’ என்ற தெலுங்குப் படமே போகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். குஜராத்திப் படமாகிய ‘செல்லோ ஷோ’ போயிற்று. ஆயினும் ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தார் சோர்ந்துவிடவில்லை. பொதுப் பிரிவுகளில் தாமே நேராகப் போட்டியிட்டு, 2023 மார்ச்சில் பாட்டுக்கான ஆஸ்காரை வென்றார்கள். 2024-இல் கான் விழாவின் இரண்டாவது பெரும் பரிசைப் பெற்ற ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ விடப்பட்டு, ‘லாபத்தா லேடீஸ்’ அனுப்பப்பட்டது. அது 15 படங்கள் கொண்ட சுருக்க ஜாபிதாவில்கூட இடம் பெறவில்லை. குழு தவறு செய்தது என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. ஆனால் ஒரு சிறு தாவாவுக்குத் தீர்ப்பளிக்கும் முனிசீப்புகூட, ஏன் இவ்விதம் தீர்த்தேன் என்று காரணம் எழுதுகிறார். தேசத்தின் பெயரால் ஒரு படத்தை அனுப்புகிறவர்கள் இரண்டொரு பாராட்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்வது எவ்விதம் நியாயமாகும்?

தேசிய விருதுகளின் விஷயமோ இன்னும் விசித்திரம். சென்ஸார் சர்ட்டிபிகேட் எந்த வருஷத்தில் பெறப்பட்டதோ அந்த வருஷமே கணக்கு. அதனால்தான் 2007 பிப்ரவரியில் வெளிவந்த ‘பருத்திவீரன்’ படத்தில் நடித்த பிரியாமணி, 2006-க்குரிய சிறந்த நடிகை விருதைப் பெற்றார். பல வருஷங்களாக ஐந்து வட்டாரக் குழுக்கள் முதலில் சலித்தெடுத்து, மத்தியக் குழு முடிவு செய்யும் முறை இருந்து வருகிறது. குழுவினர் வருஷந்தோறும் மாறுகிறார்கள், விவாதம் இரகசியம். சென்ற வருஷத்தைப் பார்த்து இந்த வருஷத்தை ஊகிக்க இங்கே வழியே இல்லை. 2021-ஆம் வருஷப் படங்களுக்கு ‘ஜெய் பீம்’ ஏதேனும் ஒரு விருது பெறும் என்று பலர் நம்பியிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் முடிவு வந்தபோது அதற்கு ஒன்றும் இல்லை. சிறந்த தமிழ்ப்படம் ‘கடைசி விவசாயி’ என்றார்கள். அதில் நடித்த முதியவர் நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. அவர் அப்போது உயிருடன் இல்லை.

ராஜாங்க விருதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2009 முதல் 2014 வரை ஆறு வருஷத்துப் பரிசுகளைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2017 ஜூலையில் ஒரே கூடையில் கொட்டி அறிவித்தது. விழா நடந்தது 2022-இல். ஐப்பசியில் வெடிக்க வேண்டிய பட்டாசை அடுத்த வைகாசியில் கொண்டுவந்து கொடுத்தால் சிவகாசிக்காரர் ஒருவரேனும் வியாபாரத்தில் நிலைக்க முடியுமா? பருவம் தவறிய பரிசும் நமுத்துப்போன வெடியும் ஒன்றே.

இதனால் யாருக்கு நஷ்டம்? பெரிய முதலாளிகளுக்கு அல்ல. அவர்களுக்குச் சுவரொட்டியும் விளம்பரமும் போதும். சிறிய படங்களுக்கே நஷ்டம். விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன், இந்தக் கரிசல் மண்ணின் வாழ்க்கையை ‘வெயில்’ என்ற படமாக 2006 டிசம்பரில் வெளியிட்டார். வீட்டை விட்டு ஓடி, சினிமாக் கொட்டகையில் வேலை செய்து, தோற்றுத் திரும்பும் ஒரு மனிதனின் கதை அது. 2007-இல் அது கான் விழாவில் உலக சினிமாக்களுக்கான பகுதியில் காட்டப்பெற்றது; 2006-ஆம் வருஷத்துச் சிறந்த தமிழ்ப்படம் என்ற தேசிய விருதும் அதற்கு உண்டு. ஆனால் விருது அறிவிப்பு வந்தது 2008-இல்! படம் கொட்டகைகளை விட்டுப்போய் வெகுகாலமாயிற்று. உரிய காலத்தில் வந்திருந்தால், அந்தக் கௌரவமே இன்னும் பல ஊர்களில் ஜனங்களை அழைத்து வந்திருக்கும். பெரிய படத்துக்கு விருது நகை. சிறிய படத்துக்கு அதுவே சோறு. பொய்யான முழக்கம் ஒன்றுக்கு மூன்றாக எழும்போது, மெய்யான கௌரவம் பெற்ற சிறு படத்தின் குரல் அந்தச் சத்தத்தில் அமிழ்ந்துவிடுகிறது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. ஒன்று: பத்திரிகைகள் ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது, அது தகுதியா, சுருக்க ஜாபிதாவா, நியமனமா, பரிசா என்று தெளிவாக எழுத வேண்டும். இரண்டு: சம்மேளனமும் தேசியக் குழுவும், பரிசீலித்த படங்களின் ஜாபிதாவையும் முடிவுக்குரிய காரணங்களையும் வெளியிட வேண்டும். மூன்று: ஒரு வருஷத்து விருது அடுத்த வருஷத்துக்குள் வழங்கப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் பணச்செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

சிவகாசியில் தொழில் இல்லாத காலத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினார்கள். சிவகாசிக்கு யோகம் வருமா என்று அவர்கள் ஆரூடம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தொழிலின் நுட்பத்தைக் கண்டு வந்தார்கள். பின்னர் எழுந்த பட்டாசு, அச்சுத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கல்வியே விதை. தமிழ்ப்படம் உலகின் முன் நிற்கவேண்டும் என்று விரும்பும் அன்பர்களுக்கும் இதுவே வழி. விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், காரணம் கேளுங்கள், நல்ல சிறு படம் ஒன்று ஊருக்கு வந்தால், விருது வரும்வரை காத்திராமல் முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். ஜனங்கள் அளிக்கும் அந்தத் தீர்ப்புக்கு வாய்தாவும் இல்லை, அப்பீலும் இல்லை.