நெல்லுக்கு மாளிகை, உழைத்தவனுக்கு?

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலை ஒட்டி ஒரு களஞ்சியம் நிற்கிறது. நாயக்கர் காலத்துச் செங்கற் கட்டடம். மூவாயிரம் கலம் நெல் கொள்ளுமாம்! நெல்லுக்கு மாளிகை கண்டார்கள், நல்லது. அந்த நெல்லை நட்டு, அறுத்து, அடித்து, தூற்றித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டினானே, அவன் அன்றிரவு எங்கே படுத்தான்?

நாம் சொல்கிறோம், தோழர்களே! ஆண்டையின் மண்ணில் படுத்தான். சுவர் அவன் குழைத்தது, கீற்று அவன் முடைந்தது. அடிமண் மட்டும் அவனுடையதல்ல. கூலி கூடக் கேட்டால் கூரை பிரியும்! 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் கருகின. கூலி கேட்டதும் கொடி பிடித்ததும் குற்றமாம். 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்த பிறகே, பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளி தன் அடிமண்ணைத் தனது என்று சொல்ல முடிந்தது.

அதே 1971ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய இன்னொரு சட்டம் நகர் ஊரமைப்புச் சட்டம். எது வீடு, எது வயல், எது தெரு என்று வகுத்து வைப்பது அதன் வேலை. வகுத்தது யார், வளைத்தது யார்? தஞ்சைக்கும் குடந்தைக்கும் இடையே பேருந்தில் போகிறவர் கேட்கட்டும். நேற்று நாற்று நின்ற இடத்தில் இன்று எல்லைக்கல். சுற்றிலும் வண்ணக் கொடி!

வயல் தனித்தீவன்று. மேல்வயலில் மிஞ்சிய நீர் கீழ்வயலில் இறங்கி, வடிவாய்க்காலைத் தேடிப் போக வேண்டும். நடுவிலே ஒருவர் நாலடி மண்ணைக் கொட்டி மேடாக்கினால், ஐப்பசி மழையில் மேல்வயல் பயிர் மூழ்கும். மனை வாங்கியவர் வாசலிலும் தண்ணீர் தேங்கும். விற்றவர் கால் மட்டும் நனைவதில்லை! நம் முன்னோர் திடல் பார்த்து வீடு கட்டினார்கள், பள்ளம் பார்த்துப் பயிர் வைத்தார்கள். பட்டப்படிப்பு படித்தவர்களல்லர் அவர்கள்.

ஒப்புதல் பெறாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் அரசு வழி திறந்தது: 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனையானால், கட்டணம் கட்டு, வரன்முறை பெறு. தாலிச் சங்கிலியை விற்று மனை வாங்கியவரை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் வாய்க்கால் கரையில் குடிசை போட்டவனுக்கு வருவது என்ன? ‘ஆக்கிரமிப்பு’ அறிவிப்பு! காசு கட்டினால் வரன்முறை, காசில்லாவிட்டால் ஆக்கிரமிப்பு. அகராதி அழகாகத்தான் இருக்கிறது!

2020இல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு எடுக்கப் புதுக்கிணறு தோண்டாதே, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை வைக்காதே என்றது. தேவையான சட்டமே. ஆயினும் அந்தத் தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை.

ஆகவே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். கரையோரக் குடிசையைப் பிரிக்குமுன், பிழைக்கும் ஊரிலேயே மேட்டு நிலத்தில் பட்டா எங்கே என்று கேளுங்கள். புது மனைப்பிரிவு எதுவானாலும் வரைபடத்தை மேசைமேல் விரிக்கச் சொல்லுங்கள். வடிவாய்க்கால் எந்த வழியாகப் போகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.