மூட்டைக்குள் ஒரு மூச்சு

மாணவர்களே! ரேஷன் கடை வரிசையில் நின்று அரிசி வாங்கி வந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நீங்கள் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ வசிப்பவரானால், அந்த அரிசி உங்கள் வட்டாரத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. தஞ்சாவூரில் விளைந்திருக்கலாம், ஆந்திரத்திலோ தெலங்கானாவிலோ விளைந்து சரக்கு ரயிலில் வந்திருக்கலாம். அப்படி வரும் அரிசி தங்கிச் செல்லும் இடங்களுள் ஒன்று ஆவடியில் உள்ள இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு. அங்கிருந்து தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கைக்கு மாறி, கடைகளுக்குப் போகிறது.

தங்குவது என்றால் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பல மாதங்கள், சில வேளைகளில் ஓர் ஆண்டுக்கு மேலும். உங்கள் வீட்டு அரிசிப் பானையில் மூன்று மாதத்தில் வண்டு விழுகிறதே, மலை போல் அடுக்கிய மூட்டைகளை ஓர் ஆண்டு எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? இதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன், ஏன் சேமிக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை எல்லா ஆண்டும் ஒரே மாதிரி பெய்வதில்லை. வயிறு எல்லா ஆண்டும் ஒரே மாதிரிதான் பசிக்கிறது. 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டனர். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நாட்டில் கடும் வறட்சி. 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்து இறங்கித்தான் நாடு பிழைத்தது. அப்போது மைய உணவு அமைச்சராக இருந்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். அவர் காலத்தில், 1965 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் சமயத்தில், இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் தலைமை அலுவலகம் தொடக்கத்தில் நம் சென்னையிலும், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலும் இருந்தன. விளைந்த காலத்தில் வாங்கி, விளையாத காலத்தில் கொடுப்பது அதன் வேலை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லாமல் அரிசி தரப்படுகிறது. அந்த ஏற்பாடு முழுவதும் ஒரு சாதாரணக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்கிறது: மூட்டைக்குள் இருக்கும் தானியத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது?

நெல் என்பது உயிருள்ள விதை. நம்மைப் போலவே அதுவும் மூச்சு விடுகிறது. பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சிறிது சிறிதாக எரித்து, கரியமிலவாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. நன்கு காய்ந்த நெல்லில் இந்த மூச்சு இருப்பதே தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கும். ஈரம் ஏறினால் மூச்சு வேகம் பிடிக்கும். வேகமான மூச்சு வெப்பத்தையும் நீரையும் தரும். அந்த நீரும் வெப்பமும் மூச்சை மேலும் வேகப்படுத்தும். கூடவே பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். அறுத்த நெல்லை ஈரத்தோடு குவித்து வைத்து, மறுநாள் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெந்நீர்ப் பானையைத் தொட்டது போலச் சுடும். அந்தக் குவியல் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது!

அரைத்த அரிசிக்கு மூச்சு ஏது, முளை நீங்கிவிட்டதே என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். அரிசி ஏறக்குறைய உயிரற்றது. ஆனால் அதன் மேல் படிந்திருக்கும் பூஞ்சண வித்துகள் உயிருள்ளவை. ஈரம் கிடைக்கும் வரை அவை காத்திருக்கும்.

ஆகவேதான் கொள்முதலில் எண்கள் வருகின்றன. அரசு வாங்கும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கிடங்குக்கு வரும் அரிசியில் 14 சதவீதத்துக்கு மேல் கூடாது. 15 வரை இருந்தால் விலையைக் குறைத்து எடுத்துக்கொள்வார்கள். அறுவடை நாளில் வயலில் நிற்கும் நெல்லிலோ 20 முதல் 25 சதவீதம் வரை நீர் இருக்கும். இடையிலுள்ள நீரைப் போக்குவது யார்? சூரியன்.

ஒரு சிறு கணக்கு. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காய வைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? 92 என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். 100 கிலோவில் நீர் போக உலர்ந்த பொருள் 78 கிலோ. காய்ந்த பிறகு இந்த 78 கிலோ, மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்க வேண்டும். 78ஐ 0.86ஆல் வகுத்தால் 90.7 கிலோ. ஒன்பது கிலோவுக்கு மேல் ஆவியாகிப் போய்விட்டது.

ஆவடிக்கு மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் சொர்ணவாரிப் பட்டத்தில் பயிரிட்டவர்கள் ஆகஸ்டு, செப்டம்பரில் அறுக்கிறார்கள். அந்த மாதங்களில் இந்தப் பகுதியில் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு மாலையில் இடியோடு மழை கொட்டுவது உங்களுக்குத் தெரியும். டெல்டாவின் குறுவை அறுவடைக்கும் இதே தொல்லைதான். களம் போதாமல் தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பி, மேகம் கறுத்ததும் தார்ப்பாய் தேடி ஓடும் குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானி 19 என்று காட்டினால், மூட்டைகள் திரும்பவும் வெயிலுக்குப் போக வேண்டும். வெயில் வராவிட்டால் நெல் முளைத்துவிடும். மழை கடுமையான சில ஆண்டுகளில் மைய அரசு 17 என்ற வரம்பைத் தளர்த்தியதுண்டு. அது விவசாயிக்கு ஆறுதல். ஆனால் வரம்பைத் தளர்த்தினால் நெல்லிலுள்ள நீர் குறைந்துவிடாது. அந்தப் பாரம் ஆலைக்கும் கிடங்குக்கும் மாறுகிறது, அவ்வளவே. விதைக்கும் உரத்துக்கும் காட்டிய அக்கறையில் பாதியையாவது உலர்த்தும் இயந்திரங்களுக்குக் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் செலவாகிறது. அது களத்திலேயே கெட்டால் அத்தனை நீரும் வீண்தானே?

சரி, அரிசி 14 சதவீதத்தில் கிடங்குக்குள் வந்துவிட்டது. இனிக் கவலையில்லையா? இருக்கிறது. தானியம் காற்றோடு எப்போதும் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீத அளவில் இருந்தால் அரிசி ஏறத்தாழ 14 சதவீதத்தில் நிலைத்து நிற்கும். சென்னையின் நவம்பர் மாதக் காற்றோ இதைவிட ஈரமானது. கோணிப்பை அதைத் தடுக்காது. அதனால்தான் வறண்ட நாளில் கிடங்கின் கதவுகளைத் திறந்து வைப்பதும், மழை நாளில் இறுக மூடுவதும் வழக்கம். மூட்டைகளைத் தரையில் நேரே வைப்பதில்லை. தரை ஈரத்தை உறிஞ்சாதிருக்க அடியில் மரச்சட்டங்களை இடுவார்கள். சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஆள் நடக்க வழி விடுவார்கள். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும்.

இத்தனை செய்தாலும் வண்டுகளுக்கு 14 சதவீதம் ஒரு தடையே அல்ல, தாராளமாகப் பெருகும். நீண்ட மூக்குடைய அரிசி வண்டின் தந்திரத்தைக் கேளுங்கள். பெண் வண்டு தானியத்தில் துளையிட்டு, ஒரு முட்டையை வைத்து, துளையைப் பசை போன்ற பொருளால் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும். ஒரு வண்டு தன் ஆயுளில் 300 முட்டைகள் வரை இடக்கூடும். எனவே வெளியே ஒரு வண்டைக் கண்டால், உள்ளே ஒரு பட்டாளம் இருக்கிறது என்று பொருள்.

இதற்குக் கிடங்குகளில் கையாளும் முறை, மூட்டை அடுக்கைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைப்பது. காற்றிலுள்ள ஈரத்தோடு அது வினைபுரிந்து பாஸ்பீன் என்ற வாயுவாக வெளிவரும். அந்த வாயு தானியத்துக்குள் நுழைந்து புழுவையும் கொல்லும். மனிதரையும் கொல்லும் கொடிய நஞ்சு அது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே தொட வேண்டும், வீட்டுப் பானைக்கு ஒருபோதும் கூடாது. இன்னொரு சங்கடமும் உண்டு. விரிப்பில் கசிவு இருந்தோ, நாட்கள் போதாமலோ அரைகுறையாகச் செய்தால் பிழைத்த வண்டுகளின் சந்ததிக்கு அந்த வாயு பலிப்பதில்லை. பாஸ்பீனைத் தாங்கும் வண்டுகள் பல நாடுகளிலும், நம் நாட்டிலும் பெருகியுள்ளன.

வீட்டுக்கு ஏற்ற நஞ்சில்லாத வழி ஒன்றைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். தானியத்துக்குள் இருக்கும் வண்டுகள் காற்றை நாடி அலையும். சிறு துளைகள் உள்ள குழாயைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி அதற்குள் நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழுந்துவிடும். திரும்ப ஏற முடியாது. வாரம் ஒரு முறை கூம்பைக் கழற்றிக் கொட்டினால் போதும்.

உங்கள் வீட்டு அரிசியின் ஈரத்தை நீங்களே சோதிக்கலாம். நன்கு உலர்ந்த, மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு அரிசி போடுங்கள். நெல் கிடைத்தால் இன்னும் நல்லது. மற்றதில் அதே அளவு அரிசியைச் சில சொட்டு நீர் தெளித்துப் போட்டு, மூடி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் இரண்டிலும் வெயிலில் காய்ந்த தூள் உப்பு இரண்டு கரண்டி சேர்த்து, ஒரு நிமிடம் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழ். நவம்பரில் ஒரு முறை செய்து குறித்து வைத்துக்கொண்டு, அதே பானை அரிசியை மே மாதத்தில் மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.