மூவர் வாசித்தால் பாக் மாறிவிடுவாரா?

சனிக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவில் பாட்டு வகுப்பு; பிற்பகலில் புளோக்கின் கீழ்த்தளத்துக் கடையில் பியானோ வகுப்பு. நம்மில் பலர் இப்படி இரண்டு இசைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். எஸ்பிளனேட் போன்ற ஓர் அரங்கில் பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என மூவர் மட்டும் நின்று, நாம் தேர்வுக்குப் பயின்ற பாக் இசையை ஜாஸாக வாசிக்கும்போது நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. இது மூலத்துக்குச் செய்யும் மரியாதையா, அல்லது சிதைப்பா?

எப்படி வாசிக்கிறார்கள்?

1959-இல் பிரெஞ்சுப் பியானோ கலைஞர் ஜாக் லூசியே, பியர் மிஷெலோ (பாஸ்), கிறிஸ்தியான் காரோ (டிரம்ஸ்) ஆகியோருடன் ‘பிளே பாக்’ இசைத்தட்டுகளைத் தொடங்கினார். முதல் தட்டிலேயே பாக்கின் சி மேஜர் முன்னிசை உண்டு. பியானோ கற்ற அனைவரும் அறிந்த இது 35 பார்கள் மட்டுமே கொண்டது. இதில் தனியாகப் பாடும்படி ஒரு மெட்டு இல்லை. ஏறக்குறைய ஒவ்வொரு பாரிலும் ஒரு சுரக்கூட்டு. அதன் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன, அவ்வளவுதான்.

ஜாஸ் கலைஞருக்கு இந்த வரிசையே போதும். முதலில் மூலத்தை அடையாளம் தெரியும்படி வாசிப்பார். பிறகு சுரக்கூட்டுகளின் வரிசையைப் பிடித்துக்கொண்டு புதிய மெட்டை அப்போதே படைப்பார். பாஸ் வாசிப்பவர் அடித்தளத்தைக் காப்பார். டிரம்ஸ் காலக்கணக்கைக் காக்கும். முடிவில் மூவரும் மூலத்துக்குத் திரும்புவர்.

இது நமக்குப் புதிதா? கீர்த்தனையைப் பாடி, நிரவல் செய்து, கற்பனை சுரம் பாடி, தாளம் தவறாமல் எடுப்பில் வந்து சேர்வதை நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். நாம் இராகத்தையும் தாளத்தையும் பிடித்துக்கொள்கிறோம். அவர்கள் சுரக்கூட்டு வரிசையையும் பார்களின் எண்ணிக்கையையும் பிடித்துக்கொள்கிறார்கள். வேறுபாடு அங்கேதான்.

பாக்கும் மனோதர்மமும்

பாக் காலத்தில் (1685-1750) பாஸ் வரியையும் சில எண்களையும் மட்டும் எழுதித் தருவது வழக்கம். மற்றவற்றை விசைப்பலகைக் கலைஞர் அங்கேயே நிரப்பிக்கொள்வார். 1747-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் கொடுத்த ஒரு மெட்டை வைத்து, மூன்று குரல் ஃபியூக் ஒன்றை பாக் உடனே வாசித்துக் காட்டினார். எனவே மேடையிலேயே படைப்பது பாக்குக்கு அந்நியமானதன்று. பிற்காலத்தில் மேற்கத்திய செவ்விசை மேடையில் பெரிதும் மறைந்துபோன அந்தப் பழக்கத்தைத்தான் ஜாஸ் மூவர் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

சிங்கப்பூருக்கும் இதில் ஓர் இழை உண்டு. ராம்சே லூயிஸ் மூவர் குழு 1956-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் பிசேயின் ‘கார்மென்’ ஓபரா இசை ஜாஸாக ஒலித்தது. அக்குழுவின் எல்டீ யங், ரெட் ஹோல்ட் இருவரும் பின்னாளில் நம் ஜெரமி மான்டேரோவுடன் சேர்ந்து, 1988-இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ ஜாஸ் விழாவில் மூவராக வாசித்தனர். மான்டேரோ 2002-இல் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

நம் கீர்த்தனையை இப்படி வாசிக்கலாமா?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பாக் விசைப்பலகைக்கு எழுதியதைப் பியானோ இழப்பின்றி ஏற்கும். ஆனால் தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அசைவே அதன் உயிர். பியானோவின் கட்டைக்கு அசையத் தெரியாது. அடியில் சுரக்கூட்டுகளை அடுக்கினால் இராகத்தின் முகம் மாறிவிடும். வகுப்பில் ஆசிரியர்கள் தயங்குவது பிடிவாதத்தால் அன்று. இந்த இழப்பை அவர்கள் காதால் உணர்கிறார்கள்.

இதற்கு வழி தேடியவர்களும் உண்டு. இளையராஜா 1986-இல் பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் இரு மரபுகளையும் உரையாட விட்டார். அமெரிக்காவில் பிறந்த தமிழரான பியானோ கலைஞர் விஜய் ஐயர், 2011-இல் வெளிவந்த ‘தீர்த்தா’வில் பிரசன்னாவின் கிதாரையும் நிதின் மித்தாவின் தபலாவையும் சேர்த்துக்கொண்டார். கிதாரின் தந்தியை இழுத்துக் கமகம் தரலாம். பியானோ அதற்கு இடம்விட்டு நிற்கலாம். அவர்கள் பழைய கீர்த்தனையை மாற்றவில்லை. தமக்கென்று புதிய உருப்படிகளை இயற்றினார்கள்.

ஆகவே சிதைப்பா, மரியாதையா என்பதை ஜாஸ் என்ற பெயர் தீர்மானிப்பதில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றினால் உயிர் போகும் என்று வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே கேள்வி. அந்த முன்னிசையை முதலில் மூலவடிவில் இருமுறை கேளுங்கள். பிறகு லூசியேயைக் கேளுங்கள். அவர் விலகிச் செல்லும் இடமும் திரும்பி வரும் இடமும் உங்களுக்கே புலப்படும். இந்நாட்டில் தமிழைப் புதிய வடிவங்களில் வழங்க விரும்பும் நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது: விலகிப் போக வேண்டுமானால், திரும்பும் வழி தெரிந்திருக்க வேண்டும்.