கோல் போட்டவன் குதிக்கலாமா?

பிள்ளை பிறந்தால் சர்க்கரை வழங்குகிறோம். பரீட்சையில் தேறினால் மிட்டாய் கொடுக்கிறோம். வழக்கில் ஜயித்தவர் வக்கீல் வீட்டுக்கு மாம்பழக் கூடையுடன் போகிறார். அவரவர் சந்தோஷத்தை அவரவர் இஷ்டப்படி கொண்டாட உலகம் இடம் கொடுத்திருக்கிறது. கால்பந்து ஆட்டத்தில் பந்தை வலைக்குள் அடித்தவன் மட்டும், எந்த அளவு சந்தோஷப்படலாம் என்பதற்குச் சட்டப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது!

இது வேடிக்கைப் பேச்சல்ல. கால்பந்துச் சட்டத்தின் பன்னிரண்டாவது விதி இதைப்பற்றி வெகு விவரமாகச் சொல்கிறது. கோல் போட்டவர் கொண்டாடலாம். ஆனால் அளவு மீறக் கூடாது. எதிரிகளையோ ஜனங்களையோ கேலி செய்து தூண்டக் கூடாது. ஆபத்து விளையும்படி வேலியின் மேல் ஏறக் கூடாது. முகமூடி தரிக்கக் கூடாது. சட்டையைக் கழற்றக் கூடாது. சட்டையால் தலையை மூடவும் கூடாது. மீறினால் மத்தியஸ்தர் மஞ்சள் அட்டையைக் காட்டுவார். ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு, அதாவது வெளியேற்றம். சட்டைக்குரிய மஞ்சள் அட்டை 2004-ம் வருஷம் கட்டாயமாயிற்று. பிற்பாடு இன்னொரு வாசகத்தையும் சேர்த்தார்கள்: கோல் செல்லாது என்று தீர்ப்பானாலும் அட்டை செல்லும். கல்யாணம் நின்றுபோனாலும் மேளக்காரருக்குச் சம்பளம் உண்டு என்பது போல!

இந்த விதியின் கையில் அகப்பட்டவர்கள் சாமானியர்களல்லர். 2010-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி ஜோஹானஸ்பர்க்கில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். 116-வது நிமிஷத்தில் ஸ்பெயின் தேசத்தின் இனியஸ்டா கோல் போட்டார். மேற்சட்டையைக் கழற்றினார். உள்ளே இருந்த பனியனில், முந்திய ஆண்டு 26-வது வயதில் மாரடைப்பால் இறந்துபோன தம் சிநேகிதர், எஸ்பான்யோல் கழகத்துத் தலைவர் டானி ஹார்க்கேயின் பெயர் எழுதியிருந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் நிமிஷத்தை இறந்த நண்பனுக்குக் கொடுத்தார் இனியஸ்டா. மத்தியஸ்தர் மஞ்சள் அட்டையைக் கொடுத்தார். விதி விதிதானே?

2022-ம் வருஷம் கத்தாரில் நடந்தது இன்னும் சுவாரசியம். காமரூன் அணியின் தலைவர் அபூபக்கர், பிரேஸிலுக்கு எதிராக 92-வது நிமிஷத்தில் தலையால் மோதிக் கோல் போட்டார். உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணி பிரேஸிலை வென்றது அதுவே முதல் தடவை. சட்டையைக் கழற்றிவிட்டார், அவர் பேரில் முன்னமே ஒரு மஞ்சள் இருந்தது. மத்தியஸ்தர் எல்ஃபத் அவரிடம் வந்தார், புன்னகை புரிந்தார், கை குலுக்கினார், அப்புறம் மஞ்சளையும் சிவப்பையும் காட்டி வெளியே அனுப்பினார். தண்டிக்கிறவரே கை குலுக்கி வாழ்த்தித் தண்டிக்க வேண்டியிருந்தால், அந்தத் தண்டனையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

விதியை ஆதரிப்பவர்கள் காரணம் சொல்லாமலில்லை. நேரம் வீணாகிறது என்கிறார்கள். பனியனில் அரசியல் கோஷம் எழுதி வந்துவிடுவார்கள் என்கிறார்கள். சட்டையின் மார்பில் பணம் கொடுத்துப் பெயர் பொறித்திருக்கும் வியாபாரிகளுக்கு, அதிகப் படம் பிடிக்கப்படும் அந்த க்ஷணத்தில் சட்டை இல்லாமற் போவது பிடிக்காதென்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வதும் உண்டு. முதல் காரணம் அவ்வளவு பலமுள்ளதாகத் தோன்றவில்லை. போன நேரத்தை மத்தியஸ்தர் கடைசியில் கூட்டிக் கொடுத்துவிடுகிறார். 1990-ல் காமரூன் வீரர் ரோஜர் மில்லா, 38-வது வயதில், மூலைக் கொடியருகே ஓடிப்போய் இடுப்பை அசைத்து ஆடிய ஆட்டம் சில விநாடிதான். அதற்குள்ளே உலகம் முழுதும் அவருக்குச் சிநேகமாகிவிட்டது.

வேலி ஏறுவதைப்பற்றிய விதி மட்டும் அவசியமானது. 2004-ம் வருஷம் டிஸம்பர் மாதம் ஸ்விட்ஸர்லாந்தில் செர்வெட் கழகத்து டியோகோ என்பவர் கோல் சந்தோஷத்தில் வேலி மேல் ஏறிக் குதித்தார், கல்யாண மோதிரம் கம்பியில் மாட்டிக்கொண்டது, விரல் துண்டாகிவிட்டது. அந்த வேதனையிலும் அவருக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது.

எதிரியைப் பரிகசிக்கும் கொண்டாட்டத்தையும் நாம் ஆதரிக்கவில்லை. கிரிக்கெட்டில் இதற்கு நம் தேசத்திலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. 2024-ம் வருஷம் ஐ.பி.எல். பந்தயத்தில் கல்கத்தா அணியின் ஹர்ஷித் ராணா, ஆட்டமிழந்து போகிறவரைப் பார்த்துப் பறக்கும் முத்தம் விட்டார். சம்பளத்தில் 60 சதவிகிதம் அபராதம். பின்னர் மறுபடியும் ஒருவரை எல்லை மீறி வழியனுப்பினார். முழுச் சம்பளமும் போயிற்று, ஓர் ஆட்டத்துக்கு விலக்கமும் கிடைத்தது. தோற்றவன் தலையைக் குனிந்துகொண்டு போகும்போது அவன் முகத்துக்கு நேரே போய்ச் சிரிப்பவனுக்கு அபராதம் விதிப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை.

சட்டை விஷயம் வேறு. 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதியை நினைத்துப் பார்க்கட்டும் நேயர்கள். கல்கத்தாவில் மோஹன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று தோற்கடித்து, ஐ.எப்.ஏ. கேடயத்தை முதன்முதலில் இந்தியர் கைக்குக் கொண்டு வந்தது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடியவர்கள்; எதிரில் பூட்ஸ் அணிந்த சோல்ஜர்கள். ஜயம் தெரிந்ததும் வங்காளிகள் சட்டைகளைக் கிழித்தெறிந்து வீசி ஆட்டினார்கள் என்று ராய்ட்டர் நிருபர் தந்தி கொடுத்தார். அந்தச் சட்டைகளுக்கு யார் மஞ்சள் அட்டை காட்டுவது? 2002-ம் வருஷம் ஜூலை 13-ந் தேதி லார்ட்ஸ் மாடியில் நின்று சட்டையைக் கழற்றிச் சுழற்றிய கங்கூலியும் அந்தக் கல்கத்தாக்காரர்தான்.

இவ்வளவும் சொன்னபின், சிரிப்பில்லாத விஷயம் ஒன்று உண்டு.

2014-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி. மிஜோரம் மாகாணத்தில், மிஜோரம் பிரீமியர் லீக் ஆட்டம். பெத்லஹேம் வெங்த்லாங் அணியும் சன்மாரி வெஸ்ட் அணியும் மோதின. பீட்டர் பியாக்ஸங்ஜுவாலா என்ற 23 வயது இளைஞர் 62-வது நிமிஷத்தில் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். சந்தோஷம் தாங்காமல் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டார். விழுந்த விழுகை சரியில்லை. முதுகெலும்பு நரம்பு சேதமாயிற்று. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, 19-ந் தேதி காலமானார். கண்கள் தானமாக அளிக்கப்பட்டன. அவர் அணிந்த 21-ம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கழகத்தார் தீர்மானித்தார்கள்.

அதே வருஷம் ஜூன் மாதம், ஜெர்மானியர் க்ளோஸே பிரேஸிலில் தமது 15-வது உலகக் கோப்பைக் கோலைப் போட்டுவிட்டு இதே குட்டிக்கரணத்தைப் போட்டதை உலகம் பார்த்துக் கைதட்டிற்று. இறங்கும்போது அவருக்கே கால் தடுமாறிற்று.

சட்டப் புத்தகத்தைத் திரும்பவும் புரட்டினால் நமக்குத் திகைப்பு உண்டாகிறது. ஒருவருக்கும் நோகாத சட்டைக்குக் கட்டாய மஞ்சள் அட்டை உண்டு. உயிரைக் கொண்டுபோன குட்டிக்கரணத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை! அப்படியானால் அதற்கும் ஓர் அட்டை வேண்டுமென்று கேட்கலாமா? நாம் கேட்க மாட்டோம். அந்தரத்தில் இருக்கிறவனை அட்டை தாங்கிப் பிடிக்காது.

நாம் வசிக்கும் படவேடு, ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம். படைவீடு என்ற பெயர்தான் நாவில் புரண்டு படவேடு ஆயிற்று. வெற்றியுடன் திரும்பிய படைகள் இங்கே கூத்தாடியபோது விசில் ஊத மத்தியஸ்தர் எவரும் இருந்திருக்கமாட்டார். இன்றும் ஆடி வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாள் சந்நிதியில் கூடும் ஜனங்களின் ஆவேசத்தைப் பார்த்தவர்கள், சந்தோஷத்துக்கு அளவுகோல் வைக்கும் காரியம் எவ்வளவு கஷ்டமென்று அறிவார்கள்.

இந்தப் பக்கத்து மைதானங்களில் புல் என்பது மழைக்குப் பின் வந்துபோகும் விருந்தாளி. மற்ற நாட்களில் சரளைக் கல்தான். பெரிய ஆட்டக்காரர் பஞ்சு போன்ற புல்லில் செய்கிற வித்தையை, கைப்பேசியில் பார்த்த பையன் மறுநாள் சாயங்காலம் இந்தச் சரளையில் செய்து பார்க்கிறான். "வேண்டாமடா!" என்று உபாத்தியாயர் கத்துவதற்குள் அவன் அந்தரத்தில் இருக்கிறான். கரணம் போடத்தான் ஆசையென்றால், மணல் குழியில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, அதை முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். கோல் போட்ட மகிழ்ச்சியில், மூச்சு வாங்கிக்கொண்டே அல்ல.

பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் பந்தயம் நடத்துகிறவர்களும் அட்டைகளை வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யலாம். தலைகுப்புற விழுந்து கழுத்தில் அடிபட்டவனைத் தோழர்கள் ஓடிவந்து தூக்கி உட்கார வைப்பது நம் பக்கத்து வழக்கம். தண்ணீர் கொடுப்பார்கள், தலையை ஆட்டிப் பார்ப்பார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் அடிபட்ட முதுகெலும்பை அசைத்தால் கை கால் விளங்காமற் போய்விடக்கூடும். அவனை விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடத்தி, தலையையும் கழுத்தையும் ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, 108-க்குத் தகவல் சொல்லி, ஸ்ட்ரெச்சருடன் தெரிந்தவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். விசில் ஊதத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இதையும் கற்றுக்கொடுக்க ஒரு சாயங்காலம் போதும்.